மொத்தமா வந்த வட்டிப் பணத்துக்கு இன்கம் டாக்ஸ் எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

வருஷக்கணக்கா சேர்ந்த வட்டி ஒரே நாள்ல அக்கவுண்ட்ல வந்து விழும்போது சந்தோஷத்தோட ஒரு பயமும் சேர்ந்து வரும், இதுல எவ்வளவு கவர்மெண்டுக்குப் போகும்னு. அஞ்சு வருஷ எஃப்.டி முடிஞ்சு வர்ற வட்டி, சப் கோர்ட்ல நில எடுப்பு கேஸ் ஜெயிச்சு வர்ற வட்டி, கைமாத்து வாங்கினவர் ஒரேயடியா திருப்பித் தர்ற வட்டின்னு எல்லாத்துக்கும் ஒரே ரூல்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அங்கதான் பணம் போகுது. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற. இங்க இருக்கறது 2025-26 நிதியாண்டுல கைக்கு வந்த பணத்துக்கு, 1961 வருமான வரிச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1ல இருந்து 2025ல போட்ட புதுச் சட்டம் அமலுக்கு வருது, செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறும், அதனால நம்பரை விட விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க.

மொத்தமா இந்த வருஷம்தான் வந்துச்சு. அப்போ இந்த வருஷத்து வருமானம்தானே?

எப்பவும் அப்படி இல்ல. நீங்க எந்த முறையில கணக்கு காட்டிட்டு வர்றீங்கன்னு முதல்ல பாக்கணும். சட்டத்துல ரெண்டு வழி இருக்கு, கைக்கு வரும்போது காட்டறது ஒண்ணு, வருஷா வருஷம் சேரச் சேர காட்டறது இன்னொண்ணு. எது எடுத்தாலும் அதையே தொடர்ந்து பண்ணணும், ஒரு வருஷம் இப்படி ஒரு வருஷம் அப்படின்னு மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது. ஆனா ஒரு வகை வட்டிக்கு மட்டும் இந்த சாய்ஸே கிடையாது. நஷ்ட ஈடு, கூடுதல் நஷ்ட ஈடு இதுமேல வர்ற வட்டி எத்தனை வருஷத்துக்கானதா இருந்தாலும், வாங்கின வருஷத்து வருமானம்னு 145பி செக்‌ஷன் நேரடியா சொல்லிடுது.

அஞ்சு வருஷ கியூமுலேட்டிவ் எஃப்.டி போட்டேன். பணம் கடைசிலதான் வரும், வரியும் கடைசில கட்டினா போதும்தானே?

இதுலதான் ரொம்ப பேர் தேவையில்லாம வரி கட்டறாங்க. வட்டி உங்க கைக்கு வரலைன்னாலும் பேங்க் ஒவ்வொரு வருஷமும் உங்க பேர்ல வட்டி சேர்ந்துச்சுன்னு கணக்குல ஏத்திடும், லிமிட் தாண்டினா அப்பப்போ டி.டி.எஸ்ஸும் (வட்டியில முன்கூட்டியே புடிக்கற வரி) புடிச்சிடும், அது டிபார்ட்மெண்ட் உங்க பேர்ல வச்சிருக்கற 26ஏஎஸ், ஏஐஎஸ் பட்டியல்கள்லயும் வந்து நிக்கும். நீங்க பாட்டுக்கு மெச்சூரிட்டி வரட்டும்னு இருந்தா டிபார்ட்மெண்ட் பக்கம் ஒரு தொகை, உங்க ரிட்டர்ன்ல வேற தொகைன்னு முட்டிக்கும், அப்புறம் நோட்டீஸ்.

அதை விட முக்கியம் ஸ்லாப், அதாவது வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறற படி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 10 லட்சம், 7 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டு வட்டி, 5 வருஷம். கடைசில கைக்கு வர்றது சுமார் 14,14,800. அதுல வட்டி 4,14,800. வருஷ வாரியா பிரிச்சா முதல் வருஷம் 71,900 கிட்ட, கடைசி வருஷம் 94,800 கிட்ட. இப்போ இந்த ஆளுக்கு மத்த வருமானம், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எல்லாம் கழிச்சு 10,50,000னு வச்சுக்கோங்க. வருஷா வருஷம் காட்டினா எந்த வருஷமும் 12 லட்சம் தாண்டாது, 2025-26 நியூ ரெஜிம்ல (புது வரி முறை) 12 லட்சம் வரைக்கும் உள்ள ரிபேட்ல (வரித் தள்ளுபடி) வரி ஜீரோ. மொத்தத்தையும் கடைசி வருஷம் காட்டினா வருமானம் 14,64,800, வரி 99,720, அதுமேல 4 சதவீதம் செஸ், ஆக 1,03,700 ரூபா கிட்ட. அஞ்சு வருஷமும் இதே ஸ்லாப்னு வச்சுப் போட்ட கணக்கு இது, நிஜத்துல வருஷத்துக்கு வருஷம் ஸ்லாப் மாறும், ஆனா வித்தியாசம் எந்தப் பக்கம்னு புரியும். அதே பணம், அதே பேங்க், காட்டற விதத்துக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபா.

சம்பளக்காரர், பென்ஷன்காரர் யாரா இருந்தாலும் நான் சொல்றது வருஷா வருஷம் காட்டிடுங்கன்னுதான். மார்ச் முடிஞ்சதும் பேங்க்ல இன்ட்ரஸ்ட் சர்டிபிகேட் வாங்கி அதுல இருக்கற தொகையை அப்படியே போட்டுடுங்க.

இதுவரைக்கும் காட்டாமலே விட்டுட்டேன், இந்த வருஷம் மெச்சூர் ஆகுது. இப்போ?

முன்ன ஒரு வருஷம் கூட காட்டலைன்னா கைக்கு வரும்போது காட்டற முறைன்னு எடுத்துக்கிட்டு மொத்தத்தையும் இந்த வருஷம் காட்டறது நேர்மையான வழி. பழைய வருஷங்கள்ல புடிச்ச டி.டி.எஸ் என்னாகும்னு கேப்பீங்க. வருமானம் எந்த வருஷம் வரிக்கு வருதோ அந்த வருஷம்தான் அதோட டி.டி.எஸ் கிரெடிட்னு ரூல் 37பிஏ சொல்லுது, ரிட்டர்ன் ஃபார்ம்ல டி.டி.எஸ் பகுதில அடுத்த வருஷத்துக்கு தள்ளிக்கிட்டுப் போறதுக்குன்னே தனி கட்டம் இருக்கு. அதை வருஷா வருஷம் தள்ளிட்டு வந்திருந்தா சிக்கல் இல்ல. வட்டியைக் காட்டாம டி.டி.எஸ்ஸை மட்டும் ரீஃபண்ட் வாங்கியிருந்தீங்கன்னா அது தப்பான க்ளெய்ம், ஆடிட்டர்கிட்ட உக்காந்து பழைய ரிட்டர்னை சரி பண்ணுங்க. 2025ல இருந்து அப்டேட்டட் ரிட்டர்ன் போட 48 மாசம் வரைக்கும் டைம் இருக்கு, லேட் ஆக ஆக கூடுதல் வரி ஏறும்.

பேங்க்லயே 10 சதவீதம் புடிச்சிட்டாங்க. அதோட முடிஞ்சதுதானே?

இல்ல. டி.டி.எஸ்ங்கறது முன்பணம் மாதிரிதான். உங்க ஸ்லாப் 30 சதவீதம்னா மிச்சம் நீங்க கட்டணும், உங்களுக்கு வரியே வராதுன்னா புடிச்சதை திரும்ப வாங்கலாம். 2025 ஏப்ரல்ல இருந்து பேங்க், கூட்டுறவு பேங்க், போஸ்ட் ஆபீஸ்ல வருஷ வட்டி 50,000 தாண்டினாதான் டி.டி.எஸ், 60 வயசு ஆனவங்களுக்கு 1 லட்சம் தாண்டினா. பான் குடுக்கலைன்னா 20 சதவீதம். லிமிட்டுக்குள்ள இருக்கு, டி.டி.எஸ் புடிக்கல, அதனால வரி இல்லைன்னு நினைக்காதீங்க, வருமானம் வருமானம்தான்.

15ஜி, 15ஹெச் குடுத்தா வரி வராதா?

டி.டி.எஸ் வராது, அவ்வளவுதான். 15ஹெச் 60 வயசு ஆனவங்களுக்கு, ரிபேட் எல்லாம் போக வரி ஜீரோன்னா குடுக்கலாம். 15ஜி 60 வயசு ஆகாதவங்களுக்கு, அதுல கண்டிஷன் ரெண்டு. வரி ஜீரோவா இருக்கணும், வட்டித் தொகை மொத்தமும் அடிப்படை விலக்கு வரம்புக்குள்ளயும் இருக்கணும். மொத்தமா வட்டி வர்ற வருஷத்துல பழக்கதோஷத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடாதீங்க, தப்பான டிக்ளரேஷனுக்கு சட்டத்துல தண்டனை இருக்கு.

போஸ்ட் ஆபீஸ் என்.எஸ்.சி, கிசான் விகாஸ் பத்திரம்?

ரெண்டுமே கடைசில மொத்தமா வர்றது, ரெண்டுக்கும் வட்டிக்கு வரி உண்டு, இந்த ரெண்டுக்கும் மட்டும் போஸ்ட் ஆபீஸ்ல டி.டி.எஸ் புடிக்க மாட்டாங்க, அதனாலயே மறந்து போகும். என்.எஸ்.சி-ல முதல் நாலு வருஷ வட்டி திரும்ப முதலீடு ஆனதா கணக்கு, ஓல்ட் ரெஜிம்ல இருக்கறவங்க அந்த வட்டியை வருமானமா காட்டி 80சி-ல கழிச்சுக்கலாம், அஞ்சாவது வருஷ வட்டிக்கு மட்டும் அந்த சலுகை இல்ல. கே.வி.பி-க்கு 80சி கிடையாது. பி.பி.எஃப், செல்வமகள் ரெண்டுக்கும் எத்தனை லட்சம் மொத்தமா வந்தாலும் வட்டிக்கு வரி இல்ல.

நிலம் எடுத்ததுக்கு கோர்ட்ல கூடுதல் தொகை கிடைச்சுது, கூடவே வட்டி. இதுக்கு எப்படி?

இதைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க, ஏன்னா தொகை பெருசு, கேள்வி கேட்டா சொல்ல ஆளும் கம்மி. எல்.ஏ.ஓ.பி (கோர்ட்ல நடக்கற நில எடுப்பு கேஸ்) முடிஞ்சு வக்கீல் உங்ககிட்ட ஒரு கணக்கு மெமோ தருவார். அதுல நிலத்தோட கூடுதல் மதிப்பு ஒரு லைன், சொலேஷியம் (கட்டாயமா நிலம் எடுத்ததுக்கு சேர்த்துத் தர்ற ஆறுதல் தொகை) ஒரு லைன், அப்புறம் வட்டி. பழைய 1894 சட்டத்துல எடுத்த நிலம்னா சுவாதீனம் எடுத்த நாள்ல இருந்து முதல் வருஷம் 9 சதவீதம், அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் 15 சதவீதம்.

உதாரணத்துக்கு, 2013 ஏப்ரல்ல சுவாதீனம் எடுத்தாங்க, 2025 ஏப்ரல்ல பணம் வந்துச்சு, கூடுதல் நஷ்ட ஈடு சொலேஷியத்தோட சேர்த்து 8 லட்சம். முதல் வருஷ வட்டி 72,000. மிச்சம் 11 வருஷத்துக்கு வருஷத்துக்கு 1,20,000 வீதம் 13,20,000. மொத்த வட்டி 13,92,000. அசலை விட வட்டி பெருசு, பாருங்க. இந்த மாதிரி கேஸ்ல எல்லாம் அசலுக்கு வரி உண்டா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க, பெரிய தொகை வட்டில நிக்கும்.

வரி கணக்கு இப்படி. 56(2)(viii) படி வட்டி முழுக்க வாங்கின வருஷத்துல இதர வருமானம். அடுத்து 57(iv) படி அதுல பாதியை அப்படியே கழிச்சுக்கலாம், பில் எதுவும் வேண்டாம். நியூ ரெஜிம்லயும் இந்த பாதி கழிவு உண்டு, இது தெரியாம முழுசுக்கும் வரி கட்டினவங்க இருக்காங்க. ஆக 6,96,000 தான் வருமானம். கூட 3 லட்சம் பென்ஷன் இருக்குன்னா மொத்தம் 9,96,000, நியூ ரெஜிம்ல வரி இல்ல. ஆனா நில எடுப்பு தனி தாசில்தார் ஆபீஸ்ல 10 சதவீதம்னு 1,39,200 ஏற்கனவே புடிச்சிருப்பாங்க. ரிட்டர்ன் போட்டா அது முழுக்க திரும்பி வரும். போடலைன்னா வராது. அதுக்காகவே சொல்றேன், பணம் வாங்கும்போதே பான் நம்பர் குடுத்துட்டு, 16ஏ சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க, 26ஏஎஸ்ல ஏறிடுச்சான்னு பாருங்க.

வட்டி 40 லட்சம்னா? பாதி 20 லட்சம், வேற வருமானம் இல்லைன்னா வரி 2 லட்சம், செஸ்ஸோட 2,08,000. புடிச்சது 4 லட்சம். அப்பவும் 1,92,000 ரீஃபண்ட்.

விவசாய நிலம்தானே, அதுக்கு வரி இல்லைன்னு சொல்வாங்களே?

நிலத்துக்கு வந்த தொகைக்கு அது சரி. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே கிடையாது. டவுன் பக்கம்னா மக்கள் தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர்னு தூரக் கணக்கு இருக்கு, அதுக்குள்ள வந்தாலும் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் விவசாயம் பண்ணியிருந்தா 10(37) விலக்கு குடுக்குது. ஆனா வட்டிங்கறது விளைச்சல்ல வந்த வருமானம் இல்ல, லேட்டா குடுத்ததுக்கு வர்ற பணம். அதனால வட்டியை விவசாய வருமானம்னு காட்டாதீங்க.

இங்க ஒரு பெரிய வழக்கு இருக்கு. 2009ல கன்ஷியாம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், 1894 சட்டத்து செக்‌ஷன் 28 வட்டி நஷ்ட ஈட்டோட ஒரு பாகம், செக்‌ஷன் 34 வட்டிதான் நிஜமான வட்டின்னு பிரிச்சு சொல்லுச்சு. அதுக்கப்புறம் 2010 ஏப்ரல்ல இருந்து 56(2)(viii) வந்துச்சு. வந்த பின்னாடியும் 28 வட்டிக்கு வரி இல்லைன்னு குஜராத் ஹைகோர்ட் 2016ல சொன்னது, வரி உண்டுன்னு பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் சொன்னது. கோர்ட் கூட்டிக் குடுத்த தொகை மேல வர்ற வட்டி 28, நில எடுப்பு அதிகாரி ஆரம்பத்துல நிர்ணயிச்ச அவார்டு தொகையை லேட்டா குடுத்ததுக்கு 34. உங்க மெமோல எந்த செக்‌ஷன்னு பாருங்க. என் கருத்து, பாதி கழிச்ச பிறகு வரி வரலைன்னா, மேல பாத்த உதாரணம் மாதிரி, இந்த சண்டைக்குள்ள போகவே வேண்டாம், பேசாம பாதியைக் காட்டி ரீஃபண்ட் வாங்குங்க. தொகை பெருசு, லட்சக்கணக்குல வரி வருதுன்னா மட்டும் ஆடிட்டர் வச்சு, ரிட்டர்ன்ல தொகையை மறைக்காம காட்டி, முழு விலக்கு கேளுங்க.

2013 நில எடுப்புச் சட்டப்படி எடுத்த நிலம்னா?

அந்தச் சட்டத்து செக்‌ஷன் 96 அவார்டுக்கு வருமான வரி இல்லைன்னு சொல்லுது, நேரடி வரி வாரியமான சி.பி.டி.டி-யும் 2016 அக்டோபர்ல சர்குலர் 36 போட்டு அதை ஒத்துக்கிச்சு. ஆனா எந்தச் சட்டத்துல எடுத்தாங்கன்னு அவார்டு நகல்ல முதல்ல பாருங்க. தமிழ்நாட்டுல தொழிற்பேட்டைக்கு 1997 சட்டம், மாநில நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம்னு தனித்தனியா இருக்கு, அதுல எடுத்த நிலத்துக்கு செக்‌ஷன் 96 தானா வந்துடும்னு எடுத்துக்காதீங்க.

12 வருஷத்து வட்டி, 12 வருஷத்துக்கும் பிரிச்சுக் காட்டலாமா?

முன்ன அப்படிக் காட்ட முடிஞ்சது, இப்போ முடியாது. 1990ல ராமாபாய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான், அந்தந்த வருஷத்துக்குப் பிரிக்கணும்னு சொல்லியிருந்துச்சு. அதனால பழைய வருஷங்களை எல்லாம் திறந்து ஜனங்க அலைஞ்சாங்கன்னுதான் 2009ல சட்டத்தை மாத்தி, வாங்கின வருஷம்னு வச்சு பாதி கழிவும் குடுத்தாங்க. சம்பள அரியருக்கு 10இ ஃபார்ம் போட்டு 89-ம் பிரிவுல வரிச் சலுகை வாங்கற மாதிரி இதுக்கு வாங்க முடியாது, அது சம்பளம், பென்ஷன் மாதிரி வகைக்குத்தான்.

வக்கீல் ஃபீஸ் நிறைய ஆச்சு, கழிக்கலாமா?

நில எடுப்பு வட்டில கழிக்க முடியாது. 50 சதவீதத்துக்கு மேல வேற எதுவும் கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு.

அப்பா பேர்ல இருந்த கேஸ், அவர் இறந்துட்டார், நாங்க அண்ணன் தங்கச்சி மூணு பேர் பிரிச்சுக்கிட்டோம். யாருக்கு வரி?

கோர்ட் வாரிசுகளை ரெக்கார்டுல சேர்த்து பங்கு போட்டிருந்தா அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்க காட்டணும். இதுல நல்லதும் இருக்கு, 30 லட்சம் வட்டி மூணாப் பிரிஞ்சா ஆளுக்கு 10, பாதி போக 5. ஆனா ஆபீஸ்ல வேலை சுலபமா இருக்கட்டும்னு மொத்த டி.டி.எஸ்ஸையும் அண்ணன் பான்ல ஏத்திடுவாங்க. அப்புறம் தங்கச்சி ரீஃபண்ட் கேக்கும்போது அவங்க 26ஏஎஸ்ல ஒண்ணும் இருக்காது. செக் அப்ளிகேஷன் போடும்போதே மூணு பேர் பான், மூணு பேர் பங்கு தனித்தனியா எழுதிக் குடுங்க.

விபத்து நஷ்ட ஈடு கேஸ்ல வந்த வட்டி?

2025-26ல வாங்கினதுக்கு, வட்டி 50,000 தாண்டினா இன்சூரன்ஸ் கம்பெனி டி.டி.எஸ் புடிச்சுக் குடுக்கும். இது உயிரும் உடம்பும் போனதுக்கு வர்ற பணம், இதுக்கு வரி போடறது நியாயமான்னு கோர்ட்டுகளே கேட்டிருக்கு, பாம்பே ஹைகோர்ட் 2019ல அவார்டு தேதி வரைக்குமான வட்டிக்கு வரி இல்லைன்னு சொல்லுச்சு. 2026 பிப்ரவரி பட்ஜெட்ல, மோட்டார் விபத்து ட்ரிப்யூனல் தனிநபருக்குக் குடுக்கற வட்டிக்கு வரி விலக்கு, டி.டி.எஸ்ஸும் கிடையாதுன்னு அறிவிச்சாங்க. ரொம்ப லேட்டா வந்த நல்ல முடிவு. முன்ன புடிச்சது இருந்தா ரிட்டர்ன் போட்டு கேளுங்க, விட்டுடாதீங்க.

தெரிஞ்சவருக்கு வட்டிக்குக் குடுத்தேன், நாலு வருஷம் கழிச்சு மொத்தமா தந்தார்.

அசலுக்கு வரி இல்ல, வட்டி முழுக்க வருமானம், நஷ்ட ஈடு இல்லைங்கறதால பாதி கழிவு கிடையாது. ப்ரோ நோட் கேஸ் போட்டு டிக்ரி வாங்கி வந்த வட்டிக்கும் இதேதான். இன்னொண்ணு, 20,000 அல்லது அதுக்கு மேல கடனை ரொக்கமா வாங்கினாலோ ரொக்கமா திருப்பிக் குடுத்தாலோ சட்டப்படி தப்பு, வாங்கினவருக்கு அதே அளவு பெனால்டி வரலாம். பேங்க் வழியா தரச் சொல்லுங்க.

இன்கம் டாக்ஸ் ரீஃபண்டோட வட்டியும் வந்துச்சு. அதுக்குமா?

ஆமா. ரீஃபண்ட் உங்க பணம், அதுக்கு வரி இல்ல. மாசத்துக்கு அரை சதவீதம்னு 244ஏ-ல சேர்த்துத் தர்ற வட்டிக்கு வரி உண்டு, வந்த வருஷத்துல காட்டணும். ஏஐஎஸ்ல தனி லைனா நிக்கும்.

நான் துபாய்ல இருக்கேன், ஊர்ல எஃப்.டி மெச்சூர் ஆச்சு.

என்.ஆர்.இ கணக்குல (வெளிநாட்டுல சம்பாதிச்ச பணம் போடறது) இருந்த எஃப்.டி-ன்னா வட்டிக்கு இங்க வரி இல்ல. என்.ஆர்.ஓ-ன்னா (இந்தியாவுல வர்ற வருமானம் போடறது) 30 சதவீதம், செஸ்ஸோட 31.2 புடிச்சிடுவாங்க, 50,000 லிமிட் எல்லாம் உங்களுக்குக் கிடையாது. 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கற ரிபேட்டும் இந்தியாவுல வசிக்கறவங்களுக்கு மட்டும்தான். ஆனா உங்க இந்திய வருமானம் நியூ ரெஜிம்ல 4 லட்சத்துக்குள்ள இருந்தா ரிட்டர்ன் போட்டு முழுசும் திரும்ப வாங்கலாம்.

திடீர்னு வந்த பணம், அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணுமா?

டி.டி.எஸ் போக பாக்கி வரி 10,000 அல்லது அதுக்கு மேல வந்தா கட்டணும். பிசினஸ் வருமானம் இல்லாத 60 வயசுக்காரங்களுக்கு வேண்டாம். மார்ச் 15க்கு அப்புறம் பணம் வந்தாலும் மார்ச் 31க்குள்ள கட்டினா அட்வான்ஸ் டாக்ஸ்னு எடுத்துப்பாங்க. விட்டா மாசம் 1 சதவீதம் வட்டி.

மூணு வருஷம் முன்ன நில எடுப்பு வட்டில டி.டி.எஸ் புடிச்சாங்க, ரிட்டர்னே போடல. போனது போனதுதானா?

இல்ல, வழி இருக்கு. ரீஃபண்ட் கேட்டு அப்டேட்டட் ரிட்டர்ன் போட முடியாது, ஆனா 119(2)(பி)-ல லேட்டானதை மன்னிச்சு ரிட்டர்ன் ஏத்துக்கச் சொல்லி மனு போடலாம். 2024 அக்டோபர் 1ல வந்த சர்குலர் 11 படி அந்த அசெஸ்மெண்ட் வருஷம் (பணம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த வருஷம்) முடிஞ்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள மனு இருக்கணும். ஏன் லேட்டாச்சுன்னு உண்மையான காரணம் எழுதி, கோர்ட் ஆர்டர், கணக்கு மெமோ, 26ஏஎஸ், பேங்க் பாஸ்புக் பக்கம் எல்லாம் சேர்த்து இ-ஃபைலிங் போர்ட்டல்லயே போடலாம். இப்படி விட்டுப்போன பணத்துக்கு லேட் ஆன காலத்துக்கு வட்டி தர மாட்டாங்க, புடிச்ச தொகை மட்டும் வரும். 5 வருஷம் முடியப்போற கேஸ் உங்க வீட்டுல இருந்தா இந்த வாரமே 26ஏஎஸ் டவுன்லோட் பண்ணி தேதியைப் பாருங்க.